யாருக்கு இலவசம்

என் அப்பாவின் அழுகையை எனக்கு அனுப்பிவைத்தவள் எங்கள் கடையில் பில் போடுகிறவள். நல்ல பெண், வம்பு தும்புக்குப் போகாதவள். ஒரு மதியம் கடையில் ஏ.சி. நின்றுபோனது. கையில் கிடைத்த அட்டையை வைத்து எல்லாரும் விசிறிக்கொண்டிருந்தபோது, அவள் கடை குரூப்பில் ஒரு ஸ்டிக்கரைத் தட்டிவிட்டாள். ஒரு கிழவர் வாயை முழுசாகத் திறந்து அழுகிறார். மூக்குக்கண்ணாடி நுனி மூக்குக்கு இறங்கியிருக்கிறது. ஒரு கை எதையோ பிடிக்கப் போவதுபோல நீண்டிருக்கிறது. கீழே மஞ்சள் எழுத்தில் "ஏ.சி. போச்சே!"

கடையே சிரித்தது. முதலாளிகூடச் சிரித்தார், அவர் சிரித்தால் அது கடைக்கு விடுமுறை விட்டதுபோல. நான் மட்டும் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் விற்பது மூக்குக்கண்ணாடி. மனிதர்களின் முகம் எனக்கு மறந்துபோகும், ஃபிரேம் மறக்காது. அப்பாவுக்கு இடது காது கொஞ்சம் மேலே இருக்கும். அதற்காக அந்தப் பக்கத்துக் கம்பியைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுத்தவளே நான்தான். அந்த வளைவு ஸ்டிக்கரில் தெரிந்தது. அதற்கப்புறம்தான் முகம் தெரிந்தது.

"இது எங்கேடி கிடைச்சுது உனக்கு?"

"எங்க வேணா கிடைக்கும்க்கா. செம ஃபேமஸ். இவர் பேரே போச்சே தாத்தா. இன்னும் நிறைய வெச்சிருக்கேன், அனுப்பவா?"

வேண்டாம் என்று சொல்வதற்குள் வந்து விழுந்தன. நெட் போச்சே. சம்பளம் போச்சே. ஞாயித்துக்கிழமை போச்சே. ஒன்றில் அப்பாவின் தலையில் தொப்பி வைத்திருந்தார்கள். இன்னொன்றில் அவர் நீட்டிய கையில் ஒரு சார்ஜரைக் கொடுத்திருந்தார்கள். கண் எரிகிறது என்று சொல்லிவிட்டு, கடைக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கும் அறைக்குப் போய் மெஷினைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அந்தப் படம் எடுத்த நாள் எனக்குத் தெரியும். அம்மா செத்த நாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் வந்து சொன்னார். சொல்லிவிட்டு அவர் திரும்புவதற்குள் அப்பா அவரைப் பிடிக்கப் போனார், ஏதோ அவரை நிறுத்திவிட்டால் செய்தியையும் நிறுத்திவிடலாம் என்பதுபோல. "போயிட்டாளே" என்று அவர் அன்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. படத்தில் சத்தம் கிடையாது. ஆனாலும் ஊரில் எவனோ ஒருவன் அந்த வாயைப் பார்த்து "போச்சே" என்று எழுதியிருக்கிறான். அந்த அளவுக்கு வாயைப் படிக்கத் தெரிந்தவனுக்கு, அது யாருடைய சாவு என்று ஒரு நிமிஷம் யோசிக்கத் தெரியவில்லை.

எடுத்தவர் யார் என்பதிலும் சந்தேகமில்லை. என் சித்தப்பா, அதாவது அம்மாவின் தங்கை புருஷன். மின்சார ஆபீஸில் மனு வாங்கும் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர். உத்தியோகம் ஜன்னலில், உயிர் கேமராவில். பறவை, பழைய கதவு, மழைக்குளம் என்று லீவு நாளெல்லாம் அலைவார். அன்றும் எங்கேயோ கொக்கு எடுத்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார், கழுத்தில் கேமராவோடு. அப்பா கத்தியபோது நான் திரும்பினேன். சித்தப்பாவின் முகத்திலிருந்து கேமரா கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சித்தி அங்கேயே அவரைத் திட்டினாள். அந்தக் களேபரத்தில் நாங்கள் அதை மறந்துபோனோம்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ரிட்டயராகியும் பழைய மாடல் லிஃப்ட்டுகளுக்கு அவரைத்தான் கம்பெனி கூப்பிடும். அம்மா போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். பொத்தான் வைத்த பழைய போன்தான் வைத்திருந்தார், அதனால்தான் இதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை. ஆனால் வருகிற மாதத்திலிருந்து வேலையெல்லாம் ஆப்பில்தான் வரும், புது போன் வாங்குங்கள் என்று கம்பெனி சொல்லியிருந்தது. "நல்லதா ஒண்ணு வாங்கிக் குடு பாப்பா" என்று அவர் என்னிடம் சொல்லி வைத்திருந்தார். நாற்பது வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான். அந்த போன் அவர் கைக்கு வருவதற்குள் இந்தப் படம் ஒழிய வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல வேதாந்தம் பேசினார். "உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியுமா? விடு, ரெண்டு மாசத்துல அவனுங்களே வேற எவனையாவது பிடிச்சுப்பானுங்க." தன் அப்பாவாக இருந்தால் இப்படிப் பேசுவாரா என்று கேட்டேன். பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

ஸ்டிக்கர் கிடைக்கும் இடங்களுக்கெல்லாம் நானே புகார் எழுதினேன். "இந்தப் படத்தின் உரிமையாளர் நீங்களா?" என்று கேட்டிருந்தார்கள். படத்தில் இருப்பவர் என் அப்பா என்று எழுதினேன். மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. படத்தில் இருப்பவர் படத்துக்கு உரிமையாளர் ஆகமாட்டார், எடுத்தவரே உரிமையாளர், அவரே புகார் செய்ய வேண்டும் என்று. எனக்குக் கண்மண் தெரியாத கோபம். முகம் அப்பாவுடையது, கண்ணீர் அப்பாவுடையது, செத்தது அப்பாவின் பெண்டாட்டி. ஆனால் சொந்தக்காரர் விரலால் ஒரு தரம் அமுக்கியவராம்!

சித்தப்பா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கேட்டேன்.

"சித்தப்பா, அப்பா அழற போட்டோவை எங்க போட்டீங்க?"

அவர் முகம் மலர்ந்ததே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "நீ பாத்தியாம்மா? யாராவது பாராட்டினாங்களா? நான் எடுத்ததுலயே அதுதான்மா படம். போட்டோக்காரங்க எல்லாரும் போடற ஒரு சைட்ல போட்டேன். 'மனுஷன்'னு பேர் வெச்சேன்."

நான் போனை அவர் கையில் கொடுத்தேன். அவர் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். சார்ஜர் வந்தது, தொப்பி வந்தது. போகப் போக அவர் கட்டைவிரல் மெதுவாயிற்று. பிறகு, "ஓரத்தை வெட்டிட்டாங்கம்மா" என்றார். "இந்தப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்துது. அதுல இருந்து வர்ற வெளிச்சம்தான் படமே."

"ஓரம் போனதுதான் உங்களுக்குக் கவலையா? எங்கப்பா மானம் போகுது!"

சித்தி தண்ணீர்ச் செம்பை மேஜையில் நங்கென்று வைத்தாள். "அன்னைக்கே தலையில அடிச்சுக்கிட்டேன். எங்கக்கா செத்துக் கிடக்கறா, இந்த மனுஷன் வெளிச்சம் பாத்துக்கிட்டு நிக்கறார்."

"நானும் அழுதேன்" என்றார் சித்தப்பா. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார். "அண்ணன் அழறதைப் பாத்து நானும் அழுதுகிட்டேதான் எடுத்தேன். கை நடுங்குச்சு. அந்த நடுக்கம்கூட படத்துல இருக்கு."

அவர் கெட்டவர் இல்லை. அது எனக்கு எப்போதும் தெரியும், அதுவே பெரிய தொந்தரவு. கெட்டவராக இருந்தால் ஒரு மூச்சு திட்டிவிட்டு வந்திருக்கலாம். அன்றைக்கே என் எதிரில் உட்கார்ந்து எல்லா இடத்துக்கும் புகார் எழுதினார், படம் என்னுடையது, என் அனுமதி இல்லாமல் எடுத்து வெட்டி எழுதிக் கேலி செய்கிறார்கள், உடனே நீக்கவும் என்று. மனு எழுதுவது அவருக்குக் கைவந்த கலை. இரண்டு பேருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. நான் அங்கேயே சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார். குரலில் சுரத்தே இல்லை. போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் முன்னால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பதில் வந்துவிட்டது. இந்தப் படத்தை யாரும், எதற்கும், எப்படி மாற்றியும் பயன்படுத்தலாம், கேட்கவேண்டியதில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது, என்று.

"நான் எப்பம்மா எழுதிக் குடுத்தேன்?" என்று கேட்டுவிட்டு அவரே அந்தத் தளத்தைத் திறந்து காட்டினார். "இங்க பாரு. படம் ஏத்தும்போது ரெண்டு வட்டம் வரும். ஒண்ணு 'உரிமை எனக்கே'ன்னு. பக்கத்துல பூட்டுப் படம். இன்னொண்ணு 'இலவசம்'. பூட்டெல்லாம் போட்டா காசு கேப்பாங்கன்னு நினைச்சேன். நம்ம படத்தை வெச்சுக்க இடம் குடுக்கறாங்களே, அதுக்கு வாடகை இருக்காதா? அதான் இலவசத்தை அமுக்கினேன். இலவசம்னா நமக்கு இலவசம்னுதானே அர்த்தம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்புதான், ஆனால் நல்ல சிரிப்பு இல்லை. மனுவில் ஒரு கட்டத்தில் தப்பாக டிக் அடித்திருந்தால் ஆளை வரிசையின் கடைசிக்குத் துரத்துகிற மனிதர் இவர். "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடத் தெரியாதா?" என்று அந்த ஜன்னலுக்குள்ளிருந்து எத்தனை பேரைக் கேட்டிருப்பார். தன் கட்டம் வந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கியிருக்கிறார். இலவசம் என்றால் யாருக்கு என்று கேட்க அந்த ஜன்னலில் ஆள் இல்லை.

"எல்லாப் படத்துக்கும் அதையேதான் அமுக்கியிருக்கேன்" என்றார். "கொக்குக்கும் அதான்."

கொக்கை வைத்து யாரும் சிரிக்கவில்லை என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு வக்கீல் அம்மாவிடம் நானும் சித்தப்பாவும் போனோம். கடையில் என்னிடம் கண்ணாடி வாங்குகிறவர், அதனால் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "உங்க சித்தப்பா கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்சிருக்கார்" என்றார். "படம் இவரோடது. முகம் உங்கப்பாவோடது. காப்புரிமைச் சட்டம் பாக்கறது படத்தை."

"அப்ப முகத்துக்குச் சட்டமே கிடையாதாம்மா?"

"இருக்கு. மானம், அந்தரங்கம்னு வேற கதவு இருக்கு. ஒரு கம்பெனி விளம்பரத்துல போட்டிருந்தா நாளைக்கே நோட்டீஸ் விடுவேன். ஆனா இதை யார் மேல போடறது? அனுப்பறவங்க எல்லாருமே பிரதிவாதிங்கதான். அப்பறம் வழக்குன்னு போனா உங்கப்பா வந்து நிக்கணும். படத்தை அவர் முன்னாடி பெரிசாப் போட்டுக் காட்டி, இது நீங்கதானான்னு கேப்பாங்க. பரவாயில்லையா?"

சித்தப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். வக்கீல் அம்மா தன் போனை எடுத்து எதையோ தேடினார். கொஞ்சம் முகம் சிவந்தது. "நானே போன வாரம் எங்க வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். 'கேஸ் போச்சே'ன்னு. மன்னிச்சுக்குங்க." எங்கள் கண்முன்னே அதை அழித்தார். "ஒண்ணு குறைஞ்சுது" என்றார், எங்களைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு. ஃபீஸ் வாங்கிக்கொள்ளவில்லை.

சித்தப்பா அந்தத் தளத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டார். கொக்கு, கதவு, மழைக்குளம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். ஊற்றை அடைத்தார், ஆனால் தண்ணீர் அதற்கு எப்போதோ முன்னால் ஊருக்குள் போயிருந்தது. நான் அப்பாவின் போனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நல்ல மாடல் வரட்டும் என்றேன், கடையில் இருப்பு இல்லை என்றேன். பொய் சொல்வதில் நான் அம்மாவைப்போல, முகத்தில் காட்டமாட்டேன்.

ஆனால் அவருக்கு அதைக் காட்ட போனே தேவைப்படவில்லை. ஒருநாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். டூல்ஸ் பையைக் கதவோரம் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேஜைமேல் பிரித்து, ஓரங்களை உள்ளங்கையால் நீவினார். ஒட்டுநாடாவைக் கிழிக்காமல் பிரித்து எடுத்து வந்திருந்தார். அதில் அவர் அழுதுகொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில் "லிஃப்ட் போச்சே! படியில் ஏறவும்."

"பாப்பா, இது நான்தானே?"

நான் காகிதத்தை அவசரமாகத் திருப்பிப் போட்டேன்.

"பேங்க்குக்கு மேல ஒரு ஆபீஸ் இருக்கு இல்ல, அங்க லிஃப்ட் நின்னுபோச்சுன்னு கூப்பிட்டாங்க. போனா கதவுல இதை ஒட்டி வெச்சிருக்காங்க. போன மாசம் அந்த லிஃப்ட்டுக்குக் கயிறு மாத்தினது நான்தான். சரியாத்தான் மாத்தினேன் பாப்பா. நின்னதுக்குக் கயிறு காரணம் இல்ல, கதவு சென்சார்ல குப்பை அடைச்சிருந்துது, ஊதினேன், ஓடிருச்சு. அதுக்குப் போயி என் படத்தைப் போட்டு அசிங்கப்படுத்தணுமா? வேலை சரியில்லன்னா ஒரு வார்த்தை என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?"

வேலையை முடித்துவிட்டுத்தான் காகிதத்தை எடுத்திருக்கிறார். அதுதான் அப்பா.

"அங்க ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு, என்னையும் இதையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. போனைக் கையில வெச்சுக்கிட்டு, 'சார், ஒரே ஒரு தடவை இதே மாதிரி வாயைத் திறங்க சார்'னு கேட்டுச்சு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கேக்குதேன்னு திறந்தேன்" என்றார். "எல்லாரும் வந்து சிரிச்சாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அது எந்த நாள், யார் எடுத்தது, எப்படி ஊருக்கெல்லாம் போனது, எப்படி அதைத் திரும்பக் கூப்பிட முடியாது என்று. அப்பா காகிதத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். கடைசியில், "வாயை இவ்ளோவா திறந்தேன்?" என்றார்.

"அப்பா..."

"உங்கம்மாவுக்குத்தானே திறந்தேன்" என்றார். பிறகு, "சித்தப்பா மேல கோவப்படாதே. அவன் வேணும்னு பண்ணியிருக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அதற்குப் பிறகு புது போன் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஆப் இல்லாதவருக்கு வேலை இல்லை என்று கம்பெனி கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டது. வீட்டிலேயே இருந்தார். சிரிக்கும்போது உதட்டைச் சேர்த்துக்கொண்டு மூக்கால் சிரித்தார். கொட்டாவி வந்தால் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியை மாற்றித் தரச் சொன்னார். கடையில் இருப்பதிலேயே கனமான, கறுப்பு ஃபிரேமாகப் பார்த்துக் கொடுத்தேன். கம்பியை வளைத்துக் கொடுத்தபோது என் கை கூசியது.

மழைக்காலத்தில் அத்தை போனாள். அப்பாவின் அக்கா, அவரைத் தூக்கி வளர்த்தவள். தகவல் வந்ததும் நாங்கள் போனோம். சின்னக் கூடத்தில் அத்தையைப் படுக்க வைத்திருந்தார்கள். சுற்றிலும் வாடகை நாற்காலி. ஒருவன் வெளிநாட்டிலிருக்கும் அவள் மகனுக்குப் போனில் அத்தையைத் தலையிலிருந்து கால்வரை காட்டிக்கொண்டிருந்தான். அப்பா தலைமாட்டில் உட்கார்ந்தார். தாடை இறுகி இறுகித் தளர்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறக்கவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீரும் வரவில்லை.

எனக்குப் பின்னால் ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னாள். "கூடப் பிறந்தவரு. பாரேன், கல்லு மாதிரி உக்காந்திருக்காரு."

திரும்பி அவள் கன்னத்தில் ஒன்று விடலாமா என்றிருந்தது. இவரை அழவிடாமல் பண்ணியதில் நீயும் ஒரு கூட்டாளிதானேடி, உன் போனைக் காட்டு பார்ப்போம் என்று கேட்டிருக்க வேண்டும். சாவு வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா வந்தார். அந்த விஷயத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பார்ப்பது அன்றுதான். சித்தப்பாவின் கழுத்து வெறுமையாக இருந்தது, பார்க்க யாரோ மாதிரி தெரிந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அண்ணே" என்று இரண்டு கையையும் நீட்டிக் குனிந்தார்.

அந்தக் குரலைக் கேட்டதும் அப்பாவுக்குக் கட்டு உடைந்துவிட்டது. உதடு கோணியது, வாய் திறக்க ஆரம்பித்தது. அப்பாடா, அழப்போகிறார் என்று நான் நினைத்தேன். நிமிர்ந்தார், குரல் யாருடையது என்று கண் பார்த்தது. அடுத்த கணம், அடி வாங்கப்போகிறவர்போல இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

சித்தப்பா அப்படியே நின்றுவிட்டார். பிறகு தன் உள்ளங்கைகளை விரித்தார். புறங்கையையும் திருப்பிக் காட்டினார். சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினார். "ஒண்ணும் கொண்டுவரலண்ணே. சத்தியமா ஒண்ணும் இல்ல. போனைக்கூட வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன். அழுங்கண்ணே."

அப்பா கையை எடுக்கவில்லை. கைக்குள்ளிருந்தே கேட்டார்.

"உன்கிட்ட இல்ல, சரி தம்பி. சுத்திப் பாத்துச் சொல்லு. வேற யார் கையிலயாவது இருக்கா?"

சித்தப்பா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். நானும் பார்த்தேன். எல்லார் கையிலும் போன் இருந்தது. என் கையிலும் இருந்தது. அப்பா கையை எடுக்கவில்லை.